யாருடைய பாவம் கணக்கில் வருகிறது?

(இளைஞர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எடுக்கப்படுகிற பக்திப் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "அதுல பேச என்னண்ணே இருக்கு? குடிக்காத, பொய் சொல்லாத, அப்பா அம்மா பேச்சைக் கேளுன்னு நல்லதைத்தானே சொல்றாங்க" என்று சற்று முன்பு டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நல்லது சொல்வதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் படங்கள் எதையெல்லாம் பாவம் என்று எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விட்டுவிடுகின்றன என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

நான் பேசப்போவது அமெரிக்கப் படங்களைப் பற்றி. இந்த வகைப் படம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது அங்கேதான். அங்கிருந்து அது வட்டிலும் செல்போனிலும் உலகம் முழுக்கப் போகிறது. நம் வாலிபர் முகாம்களிலும் ஓடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1946இலேயே பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த மண்ணில் நின்று பேசுவது நமக்குப் புதிதில்லை.

முதலில் இந்தப் படங்கள் எப்படி வந்தன என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1970இல் 'தி கிராஸ் அண்ட் தி ஸ்விட்ச்பிளேட்' என்று ஒரு படம். நியூயார்க் தெருக்களில் கத்தியோடு திரிகிற பையன்களை ஒரு போதகர் மனந்திருப்புகிறார். அதில் முக்கியமானவன் நிக்கி குரூஸ், போர்ட்டோரிக்கோவிலிருந்து வந்தவன். அடுத்து 1972இல் 'எ தீஃப் இன் தி நைட்'. அயோவாவில் மிகக் குறைந்த செலவில் எடுத்த படம். தியேட்டரை நம்பாமல் சர்ச்சிலும் முகாம்களிலும் திரை கட்டிக் காட்டினார்கள். இரகசிய வருகையில் விசுவாசிகள் எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட, ஒரு இளம்பெண் மட்டும் கைவிடப்படுகிறாள். எழுந்து பார்த்தால் வீட்டுக்காரன் இல்லை, அவன் சவரம் செய்துகொண்டிருந்த மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள், பள்ளிவிட்டு வந்து வீட்டில் அம்மாவைக் காணோம் என்றால், 'எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும் நின்னுட்டேன்' என்று நடுங்கிய அனுபவத்தை வளர்ந்தபின் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை ஒழுக்கத்துக்குக் கொண்டுவரப் பயம் என்கிற பிரம்பு.

பிறகு பிரம்பைக் கீழே போட்டுவிட்டுப் பரிசைக் கையில் எடுத்தார்கள். 2006இல் வந்த 'ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்' அந்த வகை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்று ஒரு ஊர். அங்கே ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை என்ற பெரிய சபை. அந்தச் சபையே கூடி எடுத்த படம் இது. நடித்தவர்கள் பெரும்பாலும் சபை மக்கள். செலவு ஒரு லட்சம் டாலர் அளவில், வசூல் ஒரு கோடி டாலருக்கு மேல். கதை இதுதான். ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளர். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. ஆறு வருஷமாக அவருடைய அணி உருப்படியாக ஜெயிக்கவில்லை. கார் ஓடவில்லை. குழந்தை இல்லை. பெற்றோர்கள் அவரை வேலையைவிட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள். அவர் ஜெபம் பண்ணுகிறார். 'ஜெயித்தாலும் கர்த்தரைத் துதிப்போம், தோற்றாலும் துதிப்போம்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நல்ல வார்த்தைதான். ஆனால் படம் அவரைத் தோற்க விடுவதே இல்லை. அணி மாநிலக் கோப்பையை ஜெயிக்கிறது. யாரோ புது வண்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். சம்பளம் உயர்கிறது. மனைவி கர்ப்பமாகிறாள். நடுவில் பள்ளியில் எழுப்புதல் வருகிறது. பையன்கள் அழுது பாவ அறிக்கை செய்கிறார்கள், ஒரு மகன் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இதில் மனசைத் தொடுகிற இடங்கள் இருக்கின்றன. ஒரு பையனின் கண்ணைக் கட்டி, முதுகில் இன்னொருவனைச் சுமக்கவைத்து, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று மைதானம் முழுக்கத் தவழவைக்கிற காட்சியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தன்னால் முடியாது என்று நினைத்த பிள்ளை முடித்துக்காட்டுகிறான். அந்தக் காட்சியை நான் குறைசொல்ல மாட்டேன்.

எனக்கு நெருடுவது அந்த ஊரின் பெயர். ஆல்பனி. நிறவெறி எதிர்ப்புப் போராட்ட வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். 1961 நவம்பரில் அங்கே பஸ் நிலையத்தில், வெள்ளையர் பகுதிக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கைதானார்கள். அதே நாளில் ஆல்பனி அரசுக் கல்லூரி மாணவர்கள் இருவர், பெர்த்தா கோபரும் பிளான்டன் ஹாலும், கைதாகி ஜாமீன் வேண்டாம் என்று ஜெயிலிலேயே இருந்தார்கள். கல்லூரி அவர்களை வெளியே தள்ளியது. அதற்குப்பிறகு ஊரே திரண்டது. கூட்டம் போட்ட இடம் எது தெரியுமா? ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கறுப்பினச் சபைகள். ஒன்று மவுண்ட் சியோன் பாப்டிஸ்ட் சபை. இன்னொன்று ஷைலோ பாப்டிஸ்ட் சபை. மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசியதும் அங்கேதான். 1961 டிசம்பர் 16ஆம் தேதி அவரும் கைதானார். டிசம்பருக்குள் ஐந்நூறுக்கு மேல், அடுத்த கோடைக்குள் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயிலுக்குள்ளும் தேவாலயப் பாட்டுகளையே வார்த்தை மாற்றிப் பாடினார்கள்.

இப்போ 'ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்' படத்துக்கு வாருங்கள். அதில் வருகிற பள்ளியின் பெயர் ஷைலோ கிறிஸ்தவப் பள்ளி. அதே ஊர், அதே பெயர். வேதத்தில் உள்ள பெயர்தான், யாரும் வைக்கலாம், வேண்டுமென்று வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஷைலோ என்ற பெயருள்ள சபையில் கூடி, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் விசுவாசத்தோடு ஜெயிலுக்குப் போன ஊரில், நாற்பத்தைந்து வருஷம் கழித்து, அதே வயதுப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் அந்த வரலாற்றின் நிழல்கூட இல்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்த ஊர் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் கறுப்பர்கள். படத்தில் ஜெபத்துக்குப் பதிலாக வருவது கோப்பையும் வண்டியும் குழந்தையும். அந்தப் பிள்ளைகள் ஜெபம் பண்ணியபோது வந்தது விலங்கு.

ஆல்பனியிலிருந்து கொஞ்ச தூரத்தில் அமெரிக்கஸ் என்று இன்னொரு சின்ன ஊர் இருக்கிறது. 1963 ஜூலையில் அங்கே பெண் பிள்ளைகள், பன்னிரண்டு வயதுக்காரிகள்கூட இருந்தார்கள், ஒரு பாப்டிஸ்ட் சபையிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பினார்கள். எங்கே போனார்கள்? சினிமாத் தியேட்டருக்கு! அங்கே கறுப்பர்கள் முன்வாசலில் டிக்கெட் வாங்கக் கூடாது, பக்கச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். பிள்ளைகள் முன்வாசல் வரிசையில் நின்று டிக்கெட் கேட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. லீஸ்பர்க் என்ற இடத்தில் ஒரு சிமெண்ட் கொட்டடியில் அடைத்தார்கள். வழக்கு இல்லை. பெற்றோருக்குத் தகவல் இல்லை. படுக்கச் சிமெண்ட் தரை. கக்கூஸ் அடைத்துக் கிடந்தது. வாரக்கணக்காக அந்தப் பிள்ளைகள் உள்ளே கிடந்தார்கள். டேனி லயன் என்ற இளம் புகைப்படக்காரர் திருட்டுத்தனமாகப் போய்ச் சன்னல் வழியாகப் படம் எடுத்தார். அந்தப் படம் வெளியே வந்தபிறகுதான் விடுவித்தார்கள்.

பதின்வயது, விசுவாசம், சினிமா. நாம் இன்றைக்குப் பேச வந்த மூன்றும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. சர்ச்சிலிருந்து கிளம்பி, சினிமாத் தியேட்டர் வாசலில் நின்று, 'நானும் மனுஷி' என்று சொன்ன பிள்ளைகள். அவர்களுடைய ஒழுக்கம் எந்தக் கணக்கில் வருகிறது? போலீஸ் சொன்னதைக் கேட்கவில்லை. சட்டத்தை மீறினார்கள். அடங்கி நடக்கவில்லை. நல்ல பிள்ளை என்று பக்திப்படம் காட்டுகிற அடையாளங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் எத்தனையில் தேறுவார்கள்?

இங்கேதான் என் முதல் குற்றச்சாட்டு. இந்தப் படங்களில் பாவம் என்பது ஒரு ஆளுக்குள்ளேயே இருக்கிற சமாச்சாரம். குடி, பொய், காமம், கோபம். ஊரே சேர்ந்து செய்கிற பாவம், சட்டமே செய்கிற பாவம், சபையே செய்கிற பாவம் அதில் வராது. ஷெர்வுட் சபை சேர்ந்திருக்கிற தெற்கத்திய பாப்டிஸ்ட் அமைப்பு 1845இல் எதற்காகத் தனியாகப் பிரிந்தது? அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில், போகலாம் என்று சொன்னவர்கள் பிரிந்து தொடங்கியது அது. அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995இல். நூற்றைம்பது வருஷம்! படத்தில் ஒரு பையன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு ராத்திரி போதுமானதாக இருக்கிறது.

சரி, நிறவெறியைத் தொட்ட படமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2015இல் 'வுட்லான்' வந்தது. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில், 1973இல், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படிக்கத் தொடங்கிய பள்ளி. டோனி நாதன் என்ற கறுப்பின ஆட்டக்காரனின் உண்மைக் கதை. ஒரு பிரசங்கியார் வந்து பேசுகிறார், அணியில் ஏறக்குறைய எல்லாப் பையன்களும் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறார்கள், பகை கரைகிறது. படம் நிறவெறியை மறைக்கவில்லை, அதைப் பாராட்டுவோம். ஆனால் பகை எப்படிக் கரைந்தது என்பதில்தான் விஷயம். இதயம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்கிறது படம். அந்தப் பையன்கள் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் அதற்கு முதலில் என்ன நடக்க வேண்டியிருந்தது? 1954இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. 1963 மே மாதம் அதே பர்மிங்ஹாமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சபையில் கூடி, அங்கிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது. அவர்கள்மேல் போலீஸ் நாயை ஏவினார்கள், தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதே சபையில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்தார்கள். மூன்று பேருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று.

இத்தனை ரத்தம் சிந்தித்தான் அந்த வகுப்பறைக் கதவு திறந்தது. கதவு திறந்தபிறகு உள்ளே போய் 'ஜெபத்தால்தான் எல்லாம் ஆச்சு' என்றால், ஊர்வலம் போன பிள்ளைகளின் ஜெபம் எந்தக் கணக்கு?

இரண்டாவது விஷயம், பெண் பிள்ளைகள். 2011இல் அதே ஷெர்வுட் சபை எடுத்த படம் 'கரேஜியஸ்'. தகப்பன்மார்களுக்கான படம். பிள்ளைகளைக் கவனியுங்கள், வீட்டுக்கு வாருங்கள் என்று ஆண்களிடம் சொல்கிறது. இதை நம்ம ஊர் ஆம்பளைகளும் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் ஒரு காட்சி. ஒரு தகப்பன் பதினைந்து வயது மகளை நல்ல ஓட்டலுக்குக் கூட்டிப்போய், அவள் விரலில் மோதிரம் போட்டுவிடுகிறார். கல்யாணம்வரை உன்னைச் சுத்தமாகக் காத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடு, எந்தப் பையனாக இருந்தாலும் என் சம்மதம் வாங்கித்தான் வர வேண்டும். இது அந்தப் படத்தின் கற்பனை மட்டுமில்லை. 1993இலிருந்து தெற்கத்திய பாப்டிஸ்ட்கள் ஒரு இயக்கமாகவே நடத்திப் பிள்ளைகளிடம் கன்னிமைச் சத்தியம் வாங்கினார்கள். பலன் என்ன? 2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சத்தியம் செய்த பிள்ளைகளையும், அவர்களைப் போலவே வளர்ந்து சத்தியம் செய்யாத பிள்ளைகளையும் ஐந்து வருஷம் கழித்து ஒப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்திய உறவில் இருதரப்புக்கும் வித்தியாசம் இல்லை. சத்தியம் செய்தவர்களில் நூற்றுக்கு 82 பேர் 'நான் அப்படிச் சத்தியமே பண்ணல' என்றார்கள். ஒரே வித்தியாசம், சத்தியம் செய்தவர்கள் கருத்தடைப் பாதுகாப்பைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். ஆக ஒழுக்கமும் வரவில்லை, இருந்த பாதுகாப்பும் போச்சு.

அந்த மோதிரம் நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916இலேயே அம்பேத்கர் எழுதினார். மகள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது தகப்பன் கையில் இருக்கிறவரை சாதி சாகாது. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியைக் கொளுத்தியது எந்தக் கோபம்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியது எந்த மானம்? அமெரிக்காவில் அந்த மோதிரம் ஒரு பிள்ளையின் மனசில் குற்றவுணர்ச்சியை உண்டாக்கும். இங்கே அதே போதனை, 'அப்பா சம்மதம்தான் பெண்ணுக்கு ஒழுக்கம்' என்று, அரிவாளுக்குச் சாணை பிடிக்கும். வாலிபர் முகாமில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பி வைத்திருக்கிற சபைகள் உள்ள நாடு இது.

மூன்றாவது, இதுதான் இப்போது ரொம்ப வேகமாக ஓடுகிற சரக்கு. 2014இல் 'காட்ஸ் நாட் டெட்'. ஒரு கல்லூரியில் தத்துவப் பேராசிரியர், 'கடவுள் செத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போடு' என்று மாணவர்களைக் கட்டாயப்படுத்துகிறார். ஒரே ஒரு பையன் மறுக்கிறான். வகுப்பின் முன்னால் வாதாடி ஜெயிக்கிறான். பேராசிரியர் கடைசியில் கார் மோதிச் சாகும் நேரத்தில் மனந்திரும்புகிறார். படத்தில் ஒரு முஸ்லிம் பெண் வருகிறாள். தகப்பன் அவளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்தப் படத்தில் முஸ்லிமுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். இருபது லட்சம் டாலர் செலவில் எடுத்து, அமெரிக்காவில் மட்டும் ஆறு கோடி டாலர் எடுத்தார்கள். தொடர்ச்சியாக அடுத்தடுத்த பாகங்களும் வந்தன.

அந்த நாட்டில் அந்த வருஷம் நூற்றுக்கு எழுபது பேர் கிறிஸ்தவர்கள். நாடாளுமன்றத்தில் பத்துக்கு ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். அங்கே போய், பெரும்பான்மை வீட்டுப் பையனைப் பார்த்து, 'உனக்கு உபத்திரவம் நடக்குது, நீ போராளி' என்று சொல்கிறது படம். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தான் வீரன் என்று நினைக்க ஆசை இருக்கும். அந்த ஆசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடிபட்டவனின் கதையை எடுத்து, அடிபடாதவனுக்கு உடுத்திவிடுகிறார்கள்.

இந்த வேஷம் நமக்குப் பழக்கமானதுதானே? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்த நாளிலிருந்து, 'எங்களுக்குத்தான் அநியாயம் நடக்குது, இந்தச் சட்டத்தால நாங்கதான் பாதிக்கப்படுறோம்' என்று யார் கத்துகிறார்கள்? ஆண்டைகள் கத்துகிறார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகளை 'நாம்தான் பாதிக்கப்பட்டவர்கள்' என்று சொல்லி வளர்த்துவிட்டால், உண்மையில் பாதிக்கப்பட்டவன் வாயைத் திறக்கும்போது அவனை எதிரியாகத்தான் பார்ப்பார்கள். மதம் எதுவாக இருந்தாலும், நாடு எதுவாக இருந்தாலும் இதே வித்தைதான்.

"அப்போ விசுவாசமே வேணாங்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார். இல்லம்மா. அமெரிக்கஸ் பிள்ளைகள் எங்கிருந்து கிளம்பினார்கள்? சபையிலிருந்துதான். பர்மிங்ஹாம் பிள்ளைகளும் அப்படித்தான். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறோம், இருப்போம். அந்தப் பிள்ளைகள் பிடித்த அதே வேதப் புத்தகத்தைத்தான் இந்தப் படக்காரர்களும் பிடித்திருக்கிறார்கள். அதில் எகிப்திலிருந்து அடிமைகளை வெளியே கொண்டுவந்த கதையும் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. மதம் மாறியும் சேரியிலேயே இருக்கிற, 1950ஆம் ஆண்டு ஆணையால் பட்டியலிலிருந்தும் வெளியே நிற்கிற கிறிஸ்தவத் தலித் பிள்ளைகளிடம், 'உன் பிரச்சினை உன் பாவம்தான்' என்று ஒரு படம் சொன்னால், அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

படத்தைத் தடைசெய் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். முகாமில் போடுகிறார்களா, முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்து நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் எது பாவம், எது பாவமில்லை? இந்தக் கதை நடக்கிற ஊரில் சேரி எங்கே இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் ஏன் படத்தில் இல்லை? பெண் பிள்ளைக்குச் சொல்கிற ஒழுக்கத்தைப் பையனுக்கும் சொல்கிறார்களா? அடிபடுகிறவன் என்று காட்டுகிறார்களே, அவன் உண்மையிலேயே அடிபடுகிறவன்தானா?

முகாம் நடத்துகிறவர்கள் நல்ல மனசுக்காரர்களாக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்கள். கோபப்பட்டால், அடுத்த முகாமுக்கு நீங்களே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். லீஸ்பர்க் சன்னல் வழியாக எடுத்த புகைப்படங்கள் கிடைக்கின்றன. அவற்றைத் திரையில் போட்டு, அந்தக் கம்பிக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளின் வயதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று.

நேரம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.